நான்கு வருடம் சினைப்பைக் கட்டி என்றார்கள், கட்டி இருந்தது மலக்குடலுக்குப் பின்னால்

கொன்றைப்பூ

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், நான்கு வருடக் கதை இது. எனக்கு 37 வயது, பள்ளியில் ஆசிரியை, ஒரு பையன். 33 வயதில் ஆரம்பித்தது. உட்கார்ந்தால் வால் எலும்புப் பக்கம் ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது, உள்ளே ஒரு பந்தை வைத்து அழுத்துகிற மாதிரி. நின்று பாடம் நடத்தினால் தெரியாது, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன். கூடவே மலச்சிக்கல். போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருக்கிற உணர்வு போகாது. ஆனால் டாக்டரிடம் போனபோது நான் சொன்னது அடிவயிற்று வலியையும் அது பீரியட்ஸ் நேரத்தில் கூடுவதையும்தான். மலச்சிக்கலை ஒரு நோயாகவே நான் நினைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன். ரிப்போர்ட்டில் வலது அட்னெக்சாவில் (சினைப்பையும் கருக்குழாயும் இருக்கும் இடம்) 5.8 செ.மீ. நீர்க்கட்டி, உள்ளே மெல்லிய தடுப்புகள் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி: வலது சினைப்பை தனியாகத் தெரியவில்லை. அந்த வரியை நான்கு வருடம் யாரும் படிக்கவில்லை, நானும்தான்.

மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை. கட்டி அப்படியே இருந்தது. வேறு ஒரு டாக்டர் சாக்லேட் சிஸ்ட்டாக (பழைய ரத்தம் தேங்கிய சினைப்பைக் கட்டி) இருக்கலாம் என்றார், மறுபடி மாத்திரை. சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், நார்மல். மூன்றாவது வருடம் ஆசனவாய் ஓரத்தில் சீழ் கட்டியது. பௌத்திரம் என்று சொல்லிக் கீறிவிட்டார்கள். ஏழு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி. இதற்கு ஒரு டாக்டர், அதற்கு ஒரு டாக்டர், இரண்டு ஃபைல். இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கிறது என்று எனக்கே தோன்றவில்லை.

கடைசியில் சினைப்பைக் கட்டியை எடுத்துவிடலாம் என்று லேப்ராஸ்கோபிக்குப் போனேன். மயக்கம் தெளிந்ததும் டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு ஓவரியும் நல்லா இருக்கும்மா. கட்டி அங்க இல்ல, மலக்குடலுக்குப் பின்னாடி தள்ளிட்டு நிக்குது. நான் தொடல, மூடிட்டேன்" என்றார். அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது, வயிற்றில் மூன்று ஓட்டை போட்டுவிட்டு எதுவும் செய்யவில்லையே என்று. இப்போது அந்த அம்மாவை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம் எம்ஆர்ஐ. பெருங்குடல் அறுவை மருத்துவர் ஒருவர் ஃபிலிமைப் பார்ப்பதற்கு முன்பே என்னை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, உறை போட்ட விரலால் ஆசனவாய் வழியாகப் பரிசோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பின்பக்கச் சுவர்ல மெத்துனு தெரியுது, இதத்தான் நாலு வருஷமா சுமந்திருக்கீங்க" என்றார். டெயில்கட் சிஸ்ட், பிறவியிலேயே வரும் ஒரு நீர்க்கட்டி. குப்புறப் படுக்க வைத்துப் பின்பக்கமாக அறுத்து, வால் எலும்பின் நுனியோடு சேர்த்து முழுசாக எடுத்தார்கள். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. எட்டு மாதம் ஆகிறது, பஸ்ஸில் உட்கார்ந்தே ஊருக்குப் போய் வருகிறேன்.

இங்கே வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? சினைப்பைக் கட்டி என்று சொல்லி வேறு ஏதாவதாக முடிந்த கதைகள் இருந்தால் எழுதுங்கள். படிக்கிற ஒருத்திக்காவது பயன்படும்.

ஸ்கேன்அறை

நான் ரேடியாலஜிஸ்ட், பதினாறு வருடமாக இதே வேலை. உங்கள் ரிப்போர்ட்டின் அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது, நானும் அப்படி எழுதியிருப்பேன்.

எங்கே தவறுகிறது என்று சொல்கிறேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது மூத்திரப்பை, கர்ப்பப்பை, அதற்கும் பின்னால் மலக்குடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. மலக்குடலில் காற்றும் மலமும் இருப்பதால் அதைத் தாண்டி எதுவும் சரியாகத் தெரியாது. அங்கிருந்து வளர்கிற கட்டி பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும். இளம் பெண், இடுப்புக்குள் நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் அது சினைப்பையில்தான் இருக்கும். அதனால் கை தானாக அட்னெக்சா என்று தட்டிவிடுகிறது.

நான் பயிற்சி மருத்துவர்களிடம் முதல் நாளே சொல்வது, எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பதற்கு முன்னால் அது எதிலிருந்து முளைத்தது என்று பார். அந்தப் பக்கத்துச் சினைப்பை எங்கே? சின்னச் சின்ன முட்டைப் பைகளோடு முழுசாகத் தனியாக அது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கட்டி வேறு ஏதோ ஒன்று. பிறப்புறுப்புக்கு உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் கருவியின் முனையால் மெதுவாகத் தள்ளி, இன்னொரு கையால் வயிற்றை அழுத்தினால் சினைப்பையும் கட்டியும் சேர்ந்து நகர்கிறதா, ஒன்றை விட்டு ஒன்று விலகுகிறதா என்பது திரையிலேயே தெரியும். இதற்கு இரண்டு நிமிடம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

டெயில்கட் பற்றிக் கொஞ்சம். கரு வயிற்றுக்குள் வளரும்போது மனிதக் குழந்தைக்கும் சில வாரம் வால் உண்டு, அந்த வாலுக்குள் குடலின் ஒரு நீட்சியும் உண்டு. எட்டாவது வாரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும். மறையாமல் ஒட்டிக்கொண்ட துணுக்கு மலக்குடலுக்கும் திரிகத்துக்கும் (வால் எலும்புக்கு மேலே இருக்கும் இடுப்பு எலும்பு) நடுவில் கிடந்து, பல வருடம் கழித்துச் சளி போன்ற நீர் சேர்ந்து உப்புகிறது. பிறவியிலேயே இருப்பதுதான், ஆனால் நடுவயதுப் பெண்களில்தான் அதிகம் கண்டுபிடிக்கிறோம். 1988-இல் ஹெர்ம்ஸ்டாட், ஹெல்விக் இருவரும் 53 பேரைத் தொகுத்து எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். உலகம் முழுதும் சேர்ந்தும் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். மலக்குடலுக்குப் பின்னால் வரும் எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்தே பெரிய மருத்துவமனைகளில் சுமார் 40,000 அட்மிஷனுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு.

எம்ஆர்ஐயில் நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 படத்தில் பல அறைகளோடு வெள்ளையாக, மலக்குடலை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சுவரில் திடமான முடிச்சு இருந்து அது ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் மருந்தை உறிஞ்சினால் புற்றுநோய் சந்தேகம். சில டெயில்கட்டுகளில் அப்படி மாறுவது உண்டு, அதனால்தான் சும்மா விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள். பௌத்திரம் திரும்பத் திரும்ப வந்தது தனி நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு, கட்டியில் தொற்று ஏறி வெளியே வழி தேடியிருக்கும்.

வைகைக்கரை

என் கதை இதற்குப் பக்கத்துவீடு. ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், வயது 41 என்பதால் சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து இடது பக்கம் 9 செ.மீ. நீர்க்கட்டி. சினைப்பைக் கட்டி, உடனே எடுக்க வேண்டும் என்று பயமுறுத்தி ஊசி வைத்து நீரை இறக்கினார்கள். நான்கு மாதத்தில் அதே அளவு. மறுபடி இறக்கினார்கள், மறுபடி வந்தது. வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், மாமியார் திருஷ்டி என்றார்.

மூன்றாவது டாக்டர்தான் படம் வரைந்து காட்டினார். முந்தைய ஆபரேஷன் தழும்பால் குடலும் பெரிட்டோனியமும் (வயிற்றின் உள்பக்கச் சவ்வு) ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு அறை மாதிரி ஆகிவிட்டது. சினைப்பை மாதாமாதம் விடுகிற நீரை நல்ல பெரிட்டோனியம் உறிஞ்சிக்கொள்ளும், தழும்பு விழுந்தது உறிஞ்சாது. அதனால் சினைப்பையைச் சுற்றி நீர் தேங்கி நிற்கிறது. கட்டி என்று சொல்கிறோமே தவிர அதற்குச் சொந்தமாக ஒரு சுவரே கிடையாது, பக்கத்து உறுப்புகளின் இடுக்குதான் அதன் வடிவம். ஸ்கேனில் வலைக்கு நடுவில் சிலந்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி சினைப்பை தெரியும் என்றார். பெரிட்டோனியல் இன்க்ளூஷன் சிஸ்ட் என்று பெயர். அறுத்து எடுத்தாலும் 30 முதல் 50 சதவீதம் வரை திரும்ப வருகிறதாம், அறுக்கிறதே இன்னொரு தழும்பைப் போடும் அல்லவா. எனக்கு மாத்திரையால் முட்டை வெளியாவதை நிறுத்தி வைத்தார். 9 செ.மீ. இப்போது 4, வலி இல்லை. அப்படியே விட்டிருக்கிறோம்.

கொன்றைப்பூ அக்கா, உங்களுக்கு எடுக்க வேண்டிய கட்டியை எடுக்காமல் இருந்தார்கள், எனக்கு எடுக்கவே வேண்டாததை எடுக்கப் பார்த்தார்கள்.

புதுவெயில்

இதையெல்லாம் படித்துக் கை நடுங்குகிறது. எனக்கு 24 வயது, இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி, பிசிஓடி என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை ஸ்கேனில் 3.5 செ.மீ. கட்டி ஒன்று தனியாகவும் இருக்கிறதாம். நானும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?

ஸ்கேன்அறை

வேண்டாம்மா, பயப்படாதீர்கள். நம் ஊரில் நீர்க்கட்டி என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டோம், பாதிக் குழப்பம் அதில் வருகிறது. பிசிஓடியில் தெரிவது முழுசாக வளராமல் நிற்கும் முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். அது கட்டியே இல்லை. தனியாக இருக்கும் 3.5 செ.மீ. பெரும்பாலும் அந்த மாதத்து முட்டைப் பை உடையாமல் நின்றதாக இருக்கும், இரண்டு மூன்று சுழற்சியில் தானாகப் போய்விடும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, உள்ளே தடுப்போ திடப் பகுதியோ இல்லாத சாதா நீர்க்கட்டி 5 செ.மீ.க்குள் இருந்தால் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை என்பதுதான் இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஆர்சிஓஜியின் வழிகாட்டுதல். மனசு கேட்கவில்லை என்றால் பீரியட்ஸ் முடிந்த ஐந்தாறு நாளில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இந்த இழையில் வருகிற கதைகளுக்கு ஒரு பொதுவான அடையாளம் இருக்கிறது. மாத்திரைக்கும் மாதங்களுக்கும் அசையாமல் அதே அளவில் நிற்பது, அந்தப் பக்கச் சினைப்பை தனியாகத் தெரிவது அல்லது சரியாகத் தேடப்படாதது, அறிகுறிகள் பீரியட்ஸோடு பொருந்தாமல் உட்காருவதோடும் மலம், மூத்திரம் போவதோடும் பொருந்துவது. உங்களுக்கு இதில் எதுவும் இல்லை.

மைல்கல்

என் மனைவிக்கும் இடுப்புக்குள் கட்டி என்கிறார்கள். ஒரு கேள்வி. இவ்வளவு குழப்பம் எதற்கு, ஊசி விட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துப் பரிசோதித்தால் என்னவென்று தெரிந்துவிடாதா?

வெள்ளைக்கோட்டு

நான் மகப்பேறு மருத்துவர். மைல்கல் சார், தயவுசெய்து அந்த ஊசிக்கு அவசரப்படாதீர்கள். என்னவென்று தெரியாத கட்டியில் ஊசி வைப்பதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய ஆபத்து. டெயில்கட்டில் வைத்தால் தொற்று ஏறும், ஒருவேளை உள்ளே புற்றுநோய் இருந்தால் ஊசி போன வழியில் சிந்தும். வலது பக்கம் நீளமாக ஒரு கட்டி, சினைப்பை என்று நினைத்துக் குத்துகிறோம், அது சளி நிரம்பிய குடல்வாலாக இருந்து உடைந்தால் வயிறு முழுக்க ஜெல்லி பரவும், அதற்கு அப்புறம் செய்யும் அறுவை மணிக்கணக்கில் ஓடும். எல்லாவற்றிலும் மோசமானது திரிக எலும்பில் பிறவி ஓட்டை இருந்து அதன் வழியாகத் தண்டுவட உறை முன்பக்கமாகப் பிதுங்கி நிற்பது. உள்ளே இருப்பது மூளைத் தண்டுவட நீர். அதைக் குத்தினால் மூளைக்காய்ச்சல். அப்படிப்பட்டவர்களுக்கு முக்கும்போது தலைவலி வரும், பிறந்ததிலிருந்து மலச்சிக்கல் இருக்கும். கேட்டால் சொல்வார்கள், நாம்தான் கேட்பதில்லை. நரம்பு வேரில் வருகிற டார்லோவ் சிஸ்ட்டும் ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றியிருக்கிறது. எம்ஆர்ஐ இவை எல்லாவற்றையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். ஊசியா கத்தியா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

கொன்றைப்பூவுக்கு ஒன்று. உங்களுக்கு நடந்தது தவறு, எங்கள் தரப்பின் தவறு. ஆனால் எங்கள் ஓபியையும் நினைத்துப் பாருங்கள், ஒரு காலையில் எண்பது பேர், அதில் பத்துப் பேருக்காவது சினைப்பைக் கட்டி, அதெல்லாம் நிஜமாகவே சினைப்பைக் கட்டிதான். பதினோராவது ஆளின் கட்டி வேறு இடத்தில் இருக்கலாம் என்று நினைப்பதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். அறிகுறியை முழுதாகச் சொல்கிற நோயாளிதான் அந்தத் தூண்டுதல்.

கொன்றைப்பூ

டாக்டர், மதிப்போடு மறுக்கிறேன். நான் முழுதாகச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் எது முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மலம் சரியாகப் போகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். ஆசனவாய் வழியாக விரலால் பார்க்கிற பரிசோதனைக்கு மெஷின் வேண்டாம், ஒரு ஜோடி கையுறை போதும். நான்கு வருடத்தில் எனக்கு ஒன்பது ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், அந்தப் பரிசோதனை ஒரே ஒரு தடவைதான் நடந்தது, அதுவும் கடைசியில். பௌத்திரத்துக்குக் கீறியவர்கள்கூட மயக்கத்தில் இருக்கும்போது மேலே வரை பார்க்கவில்லை.

வெள்ளைக்கோட்டு

ஒப்புக்கொள்கிறேன். மலக்குடலுக்குப் பின்னால் இருக்கும் கட்டிகள் பெரும்பாலும் அந்த விரலுக்கே எட்டிவிடும். எங்களுக்குப் படிக்கும்போது சொல்லிக் கொடுத்ததுதான், செய்வது குறைந்துவிட்டது. கூட்டம் ஒரு காரணம், இன்னொன்று கூச்சம், நோயாளிக்கு மட்டும் இல்லை, மருத்துவருக்கும்தான். கல்யாணம் ஆகாத பெண் என்றால் உள்சோதனை, உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இரண்டையுமே இங்கே தவிர்த்துவிடுகிறோம், வயிற்றின் மேல் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு மலக்குடல் வழியாகவே ஸ்கேன் செய்து பார்க்கலாம், விளக்கிச் சொன்னால் பலரும் சம்மதிக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் ஓபியில் ஒரு பெண்ணுக்கு நானே அந்தப் பரிசோதனையைச் செய்தேன். ஒன்றும் இல்லை, ஆனால் செய்தேன்.

மேய்ச்சல்நிலம்

அம்மாவுக்காக எழுதுகிறேன், அவருக்கு 55 வயது. எங்களுக்கு ஆடுதான் தொழில், பட்டியில் எப்போதும் இரண்டு மூன்று நாய் உண்டு. அம்மாவுக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. பக்கத்து டவுனில் சினைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா முதலில் கேட்டது "என்ன தொழில் பாக்குறீங்க" என்றுதான். ஆடு, நாய் என்றதும் உடனே கல்லீரலையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல்லீரலிலும் ஒன்று இருந்தது. கட்டிக்குள்ளே சின்னச் சின்னக் குட்டிக் கட்டிகள், ஜவ்வரிசி மாதிரி. ஹைடாடிட் என்றார், நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவால் வருவது. நாய்க் கழிவில் முட்டை வரும், அது கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. பல வருடம் ஆகுமாம் இந்த அளவுக்கு வளர. கறி சாப்பிட்டதால் வந்ததா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள், இல்லை, ஆட்டுக்கறியால் நமக்கு நேரடியாக ஒட்டாது. ஆட்டின் ஈரலில் கட்டி இருப்பதை வெட்டி நாய்க்குப் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் சுற்று முடியாமல் ஓடுகிறது.

வெள்ளைக்கோட்டு டாக்டர் ஊசி பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது உடைந்து வயிற்றுக்குள் கொட்டினால் கடும் அலர்ஜி வந்து உயிருக்கே ஆபத்து, தப்பித்தாலும் சிந்திய இடத்தில் எல்லாம் புதிதாக முளைக்கும். நல்ல ஆயத்தத்தோடு ஊசி முறை செய்வதும் உண்டாம், ஆனால் அது தெரிந்து செய்வது. அம்மாவுக்கு அல்பெண்டசோல் கொடுத்துவிட்டு, சுற்றிலும் உப்புக்கரைசலில் நனைத்த துணியைப் போட்டுக் கட்டியை எடுத்தார்கள். இப்போது நாய்களுக்குத் தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கிறோம், அறுக்கிற இடத்துக்கு நாயை விடுவதில்லை.

ஏட்டுச்சுவடி

சுருக்கமாக என்னுடையது. கர்ப்பப்பை இறக்கம் என்று இரண்டு வருடம் வளையம் போட்டிருந்தேன். பிறப்புறுப்பின் முன்சுவரில் பிதுக்கம், உறவின்போது வலி, பாத்ரூம் போய் எழுந்த பிறகு சொட்டுச் சொட்டாக நனைவது, மாதம் ஒரு யூரின் இன்ஃபெக்ஷன். கடைசியில் அது இறக்கமே இல்லை, சிறுநீர்க் குழாயில் பக்கவாட்டாக ஒரு பை. அந்தப் பிதுக்கத்தை விரலால் அழுத்தியதும் சிறுநீர்த் துளையில் சீழ் வந்ததை வைத்துத்தான் யூராலஜி டாக்டர் பிடித்தார், எம்ஆர்ஐ உறுதி செய்தது. அதே இடத்தில் கார்ட்னர் சிஸ்ட் என்று பிறவிக் கட்டியும் வருமாம், அது இருந்தால் அந்தப் பக்கச் சிறுநீரகம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும் என்றார். எனக்கு இரண்டு சிறுநீரகமும் இருந்தன, நல்லவேளை.

மைல்கல்

எல்லோருக்கும் நன்றி. ஊசியை நிறுத்திவிட்டோம். வியாழக்கிழமை எம்ஆர்ஐ. மனைவிக்கு உட்கார்ந்தால் வலி உண்டா என்று நேற்றிரவுதான் கேட்டேன். இரண்டு வருடமாக இருக்கிறதாம், தையல் மெஷினில் உட்காரும்போது தலையணை போட்டுக்கொள்கிறாள், நான் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. டாக்டரிடம் என்னென்ன கொண்டு போக வேண்டும்?

கொன்றைப்பூ

சார், ரிப்போர்ட் மட்டும் போதாது, எல்லா ஸ்கேனின் ஃபிலிமும், சிடி இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். பழைய அளவும் புதிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அசையாமல் நிற்கிறது என்பது தெரியும். முன்னால் நடந்த எல்லா ஆபரேஷனையும் எழுதிக்கொள்ளுங்கள், மூலம், பௌத்திரம், சீழ் எதுவாக இருந்தாலும், சம்பந்தம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். எம்ஆர்ஐ சீட்டில் மலக்குடலுக்குப் பின்பக்கமும் திரிகமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால்தான் இருக்கிறது என்று வந்தால் இந்த இடத்தில் அறுத்துப் பழகிய பெருங்குடல் அறுவை மருத்துவரைத் தேடுங்கள். கட்டி திரிகத்தின் மூன்றாவது எலும்புக்குக் கீழே நின்றால் பெரும்பாலும் பின்பக்கமாக, மேலே ஏறியிருந்தால் வயிறு வழியாக என்று எனக்குச் சொன்னார்கள். முதல் தடவையே உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும், மிச்சம் வைத்தால் மறுபடி வளரும்.

அவங்களிடம் அந்தத் தலையணை விஷயத்தை டாக்டர் முன்னால் அவங்க வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

மைல்கல்

எம்ஆர்ஐ வந்துவிட்டது. இரண்டு சினைப்பையும் தனித்தனியாகத் தெரிகிறது. கட்டி 7 செ.மீ., மலக்குடலுக்குப் பின்னால், மூன்றாவது எலும்புக்குக் கீழே. திடமான பகுதி எதுவும் இல்லை. அடுத்த செவ்வாய் பெருங்குடல் டாக்டரைப் பார்க்கிறோம்.

கொன்றைப்பூ

செவ்வாய் இரவு இங்கே எழுதுங்கள் சார், எத்தனை மணியானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றடிக்கிற வட்டத் தலையணை ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் எனக்கு அதுதான் நாற்காலி.